முதல் மீன் ஊட்டிய கை

மீன் துணுக்கு என் மகளின் வாயிலிருந்து வழிந்து என் தொடையில் விழுந்தது. அப்போது அவளுக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்திருந்தது. மடியில் இருத்தி, குழைந்த சோற்றில் மீனை மசித்து விரலால் ஊட்டினேன். விரலை முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள், துப்பினாள். மறுபடி கொண்டுபோனபோது கழுத்தை வளைத்துத் திரும்பிக்கொண்டாள். குப்பமே சுற்றி நின்று பார்த்தது. அன்று பட்ட வெட்கம் இந்த வயதிலும் என்னை விட்டபாடில்லை.

எங்கள் குப்பத்தில் பிள்ளைக்கு முதலில் கஞ்சித் தெளிவு, பிறகு துணியில் வடிகட்டிய கேழ்வரகுக் கூழ், பல் தெரிந்ததும் மீன். எந்த மீன் என்பதில் தாய்மார்களுக்குள் இரண்டாவது பேச்சே கிடையாது. மடவையில் முள் அதிகம். இறாலும் நண்டும் தோலில் கரப்பான் கொண்டுவரும். கிழங்கான்தான் பிள்ளைக்கு ஆகும்; சதை பஞ்சு போலிருக்கும், முள்ளும் சுலபமாக வந்துவிடும். அந்த முதல் மீனைத் தகப்பன் பிடித்துவர வேண்டும், தகப்பன் கையால்தான் ஊட்ட வேண்டும். அவன் கையில் வாங்காத பிள்ளைக்கு வேறு யாரும் மீன் கொடுக்கமாட்டார்கள். நானோ மீன்பிடிக்க ஏரியில் இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. புயலில் படகு போனபின் ஒல்லாந்தர் கோட்டையை ஒட்டிய மருந்துச் சாலையில் கூலிக்குச் சேர்ந்துவிட்டேன். அவர்களுடைய பீரங்கிகளுக்கு வெடிமருந்து அங்கேதான் அரைபடும். வெடியுப்பு, கரி, கந்தகம். கரி கழுவினால் போய்விடும். கந்தக வாடை போகாது. புளி, சாம்பல், ஏரிச்சேறு என்று நான் தேய்க்காதது இல்லை.

அன்று கிழங்கானைக் கொண்டுவந்தவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். நான் கோட்டை வேலைக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனம் ஆறியிருப்பேன். "வலை யாருதா இருந்தா இன்னா மச்சான், ஊட்டற கை உன்னுதுதானே" என்று மீனை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்தக் கையைத்தான் பிள்ளை வேண்டாம் என்றது.

என் மனைவிக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. கூழை மட்டும் குடித்துப் பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தாள். ஊர் வழக்கம் கிடக்கட்டும் என்று ரோஷத்தை விழுங்கிக்கொண்டு மச்சானிடம் போய், "நீங்களே ஊட்டிடுங்க" என்று கெஞ்சினேன். அவர் மறுத்துவிட்டார். "நான் ஊட்டனா இன்னிக்குத் துன்னும். அப்பால உன் கையில என்னிக்குமே வாங்காது." தினமும் இரண்டு கிழங்கான் கொண்டுவந்து வைத்தார். தினமும் நான் ஊட்டினேன், அவள் துப்பினாள். "உடாதய்யா, பழகிக்கும்" என்பாள் என் மனைவி. வழியில் போகிறவர்கள் சும்மா போவார்களா? "இன்னாபா, பாப்பாவுக்கு பீரங்கி மருந்தா ஊட்டற?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றிருக்கும்.

ஒரு மாலை, வேலையிலிருந்து வந்த கையோடு உட்கார்ந்தேன். மீனை நீட்டியதும் பிள்ளை என் விரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மீனை விழுங்கினாள். பிறகு இரண்டு பல்லாலும் விரலைக் கடித்துச் சப்பினாள், இன்னும் கேட்டு வாயைத் திறந்தாள். என் மனைவி சந்தோஷத்தில் அழுதாள். மச்சான் தன் வலையில் திமிங்கிலம் விழுந்ததுபோலத் துள்ளினார். பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்ற நிம்மதி எனக்கும் இருந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. எந்தத் தகப்பனும் பிள்ளைக்கு நல்லதைப் பார்த்துப் பொறுக்கி ஊட்டுவான். நான் ஒரு நாற்றத்தைச் சகித்துக்கொள்ளப் பழக்கியிருந்தேன். அவள் என்னை ஏற்றுக்கொண்டதைவிட அவள் துப்பியதே நியாயம் என்று பட்டது.

மருந்துச் சாலை மூடி வெகுகாலமாகிவிட்டது. கோட்டையில் இப்போது பாதிக் கிடங்குகள் காலி. என் மகளும் தாயாகிவிட்டாள். போன மாதம் அவள் மகனுக்கு முதல் மீன். மாப்பிள்ளை தன் வலையிலேயே கிழங்கான் பிடித்துவந்து தன் கையாலேயே ஊட்டினார், குழந்தை தடையில்லாமல் தின்றது. எல்லாம் முறைப்படி நடந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். பிறகு என் மகள், "நைனா, நீயும் ஒரு வாய் குடு" என்று என்னை இழுத்து உட்கார வைத்தாள். நான் மீனை எடுப்பதற்குள் என் கையைப் பிடித்து, சிறு பிள்ளைபோல மூக்கருகே வைத்து முகர்ந்தாள்.

"இன்னா நைனா, உன் வாடையே காணோம்?" என்றாள். குரலில் உண்மையான ஏமாற்றம். "அது இல்லாம மீனு சப்புனு இருக்குமே, பாவம் புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் பொக்கை வாய் தெரியச் சிரித்தார். நான் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.