பக்கத்து வார்டில் ஒரு கழிப்பறை

பதினோரு வருஷம் மற்றவர்களுக்காக மனு எழுதியவள் நான். புதுச்சேரியில் இருந்த சின்ன மனித உரிமை அமைப்பு ஒன்றில் களப்பணி. ஸ்டேஷனில் யாரையாவது அடித்துவிட்டார்கள், செங்கல் சூளையில் ஒரு குடும்பத்தையே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தால், நோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். வாக்குமூலம் வாங்குவேன், அறிக்கை எழுதுவேன், கலெக்டர் ஆபீஸில் கால் கடுக்க நிற்பேன்.

அறிக்கை எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரால் ஒருத்திக்கு வேலை போயிற்று. இறால் உரிக்கும் ஷெட்டில் சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று சொன்ன பெண் அவள். அறிக்கையில் அவள் பெயரை மாற்றினேன். ஆனால் ஊரும் வயசும் அப்படியே இருந்தன. படித்தவர்களுக்கெல்லாம் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது அவள் திட்டவில்லை. "உன் வேலை முடிஞ்சிடுச்சு இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு என்னால் அந்த வேலையைப் பழைய மாதிரி செய்ய முடியவில்லை. எங்கள் ஊர் மரக்காணத்துக்கே திரும்பினேன். டூவீலர் மெக்கானிக்கான என் வீட்டுக்காரரின் கடை இங்கேதான். பேரூராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் என்னிடம் மனு எழுதிக்கொண்டவர்கள் சேர்ந்து, "நீயே நில்லேன்" என்றார்கள். சுயேச்சையாக நின்றேன். ஏதோ கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

எங்கள் வார்டுப் பெண்கள் பலருக்கு உப்பளத்தில்தான் வேலை. ஜெயித்த மறுமாசம் அவர்களைப் பார்க்க ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போனேன். பங்குனி வெயில். உப்பின் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒருத்தியிடம் என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாங்கா. குடிச்சா அப்புறம் எங்க போறது?"

சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்தியும் வரப்பும்தான். ஒரு மரமில்லை, புதரில்லை, மறைவென்று ஒன்றுமே இல்லை. விடிவதற்கு முன்னாடி வீட்டை விட்டுக் கிளம்பியவள் வீடு திரும்பும் வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகவே அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு எரிச்சல் தாங்காமல் அவள் ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். "டாக்டரம்மா என்ன சொல்லுது தெரியுமா? நெறைய தண்ணி குடிக்கணுமாம்" என்று சொல்லிச் சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

பழக்கதோஷம். பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தேன். "எல்லாரும் கையெழுத்து போடுங்க. கலெக்டருக்கு அனுப்பிடலாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. "பேரு போட்டா நாளைக்கு வேலைக்கு வராதன்னு சொல்லிடுவாங்க. நீதான் கவுன்சிலராச்சே, உன் பேரைப் போடேன்" என்றாள் அவள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை வருஷமும் ஊரார் பெயரை வாங்கி எழுதியே பழகியவள். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அடுத்த பேரூராட்சிக் கூட்டத்தில் பேசினேன். அரசியல் சாசனம், மனித மாண்பு என்று பத்து நிமிஷம். பாதிப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வார்டு கவுன்சிலர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். "இது என்ன கோர்ட்டாம்மா? உங்க வார்டுல தெருலைட் எரியலன்னா சொல்லுங்க, பேசுவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் அப்படியே தள்ளிப் போனது.

உப்பளம் குத்தகை நிலம், அதற்குள் பேரூராட்சி கழிப்பறை கட்ட முடியாது. அதனால் ரோட்டோரமாகப் புறம்போக்கு ஏதாவது கிடைக்குமா என்று வரைபடத்தைத் தேடி எடுத்தேன். ஒரு துண்டு இருந்தது, அதுவும் பெண்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில். சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தார். "இது உங்க வார்டு இல்லீங்களே. உங்க எல்லை அந்த மதகோட முடிஞ்சிடுது" என்றார். அந்தத் துண்டு நிலம் உப்பளக்காரருடைய வார்டில் இருந்தது.

"அவரு பேருல கல்வெட்டு வைக்கத்தான் இவ்ளோ அலைஞ்சியா?" என்றார் என் வீட்டுக்காரர். உண்மையைச் சொன்னால், எனக்கும் வலித்தது. அடுத்த தேர்தலில் காட்ட எனக்கென்று ஒன்று வேண்டும் என்று அதற்குள் ஆசை வந்திருந்தது. ரெண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் உப்பளக்காரர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, தீர்மானத்தை நீங்க கொண்டு வாங்க. நான் வழிமொழியறேன்."

சந்தேகமாகப் பார்த்தார். "இதுல உங்களுக்கு என்ன இருக்குது?"

"தண்ணி லைன் கண்டிப்பா வேணும். சாவி வேலை செய்யற பொம்பளைங்க கையில இருக்கணும். வேற ஒண்ணும் இல்லண்ணே."

காபி கொண்டு வந்த அவர் மனைவி டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் உப்பு சுமந்தவதான். பொழுதன்னைக்கும் அடக்கினு இருப்போம். வயித்து வலி உயிர் போகும்."

"நீ இத சொன்னதே இல்லையே" என்றார் அவர்.

"நீங்க கேட்டதே இல்லையே."

அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். அவர் காபியை ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு, "வரைபடத்தைக் குடுங்க" என்றார்.

தீர்மானம் ஒரே கூட்டத்தில் நிறைவேறியது. கட்டடம் அவ்வளவு சுலபமாக எழும்பவில்லை. மழைக்காலத்தில் வேலை நின்றது. காண்ட்ராக்டர் கதவை ரோட்டைப் பார்த்து வைத்துவிட்டார். அதை இடித்துப் பின்பக்கம் மாற்றச் சொல்லிச் சத்தம் போட்டவர் உப்பளக்காரர்தான், நானில்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் அவர் பெயர் பெரிசாக இருந்தது. என் பெயர் மற்ற கவுன்சிலர்களோடு அடியில் எங்கோ இருந்தது. பெண்கள் விழாவுக்கு வரவில்லை, அது வேலை நேரம். மறுநாளிலிருந்து வந்தார்கள்.

போன மாசம் அவர் எனக்குப் போன் செய்தார். அவர் வார்டின் கடைசியில் ஏரிக்கரையோரமாக ஏழெட்டு இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டு நம்பர் கிடையாது. அதனால் கரண்ட்டும் கிடையாது. "இந்த மாதிரி மனுவெல்லாம் எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலம்மா. நீங்க வர்றீங்களா?"

போனேன். ரெண்டு பேரும் வீடு வீடாக நடந்தோம். மனுவை எழுதியதும் முதலில் அங்கிருந்த பெண்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒரு அம்மா நடுவில் நிறுத்தி, "லைட்டுன்னு மட்டும் போடாதீங்க, ஃபேனுக்கும் சேத்து போடுங்க" என்றார். சேர்த்து எழுதினேன். உப்பளக்காரர் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.