விரால் குஞ்சுகளின் காவல்காரர்

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு மீன் பண்ணையில் எனக்குப் புது வேலை. அங்கே காவல்காரர் கறுத்து மெலிந்தவர். தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்தபடியேதான் பேசுவார்.

"பெருசும் சிறுசும் ஒண்ணா உடாத சார், துன்னுடும்."

"தன் இனத்தைத் தின்ன மனுஷனே கூசறான், மீன் தின்னுமா?" என்றேன்.

"மீனுக்கு இன்னா சார் கூச்சம்?"

படித்த திமிரில், பெருசும் சிறுசுமாக வந்திருந்த இருநூறு விரால் குஞ்சுகளையும் ஒரே தொட்டியில் விட்டேன். மாதக் கடைசியில் பதினோரு கொழுத்த மீன்கள் மட்டுமே மிஞ்சின.

"மிச்சம் எங்கே?" என்று மேலதிகாரி என்னை அதட்டினார். காவல்காரர் முன்னால் வந்தார்.

"கொக்கு துன்னுட்ச்சி சார். நான்தான் அசந்து தூங்கிட்டேன்."

அதிகாரி அவரைத் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அடுத்த முறை குஞ்சுகளைப் பெருசு வேறு, சிறுசு வேறாக அவர் பிரித்தார். நான் வாளி பிடித்தேன்.