பெரியம்மா நகராத புதன்கிழமை

குதிரை பிடிக்கிறவருக்கு வட்டம் என்று பட்டப்பெயர். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அதை அவரே வாசித்துப் பல வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு எட்டுக் குழந்தை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம், மணல் மைதானத்தில் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

"இந்த நடையை நேரா நடந்திருந்தா இந்நேரம் உலகத்தையே ஒரு சுத்து சுத்தியிருக்கலாம். எனக்கு வாய்ச்சது செக்குமாடு" என்பாள் மனைவி.

"மாடு இல்லடி, குதிரை."

"நான் குதிரையச் சொல்லல."

சேணத்தில் உட்கார்ந்து வருகிற குழந்தைகள் எல்லாம் மற்றக் குழந்தைகளைப்போல வளராதவர்கள். சிலருக்குக் கழுத்து நிற்காது. சிலருக்குப் பேச்சு வராது. குதிரை நடக்க நடக்க இடுப்பு அசைந்து முதுகு நிமிரும், மனசும் கொஞ்சம் வெளியே வரும் என்பது அந்த இடத்தின் நம்பிக்கை. வட்டத்துக்கும் அதே நம்பிக்கைதான். தன் கண்ணால் பார்த்திருக்கிறார். துணி மூட்டை மாதிரி வந்த பையன் ஒருவன் ஒரு வருடத்தில் கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு இவரையே திட்டினான். அந்தத் திட்டை இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படுவார்.

குதிரைக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தது ரேடியோ. ரேடியோ என்பவள் குழந்தை சரியாமல் தொடையைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்து வருகிறவள். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற செய்தி முழுவதும் அவள் வழியாகத்தான் அந்த வளாகத்துக்குள் வரும். "வர்றவங்கள மேலயும் கீழயும் பாத்துட்டு ஒரு பெருமூச்சு விட்டு மூஞ்சியத் திருப்பிக்குது பாருங்கண்ணே. அப்படியே எங்க பெரியம்மா. அந்தம்மாவுக்கு இவ்வளவு முடி கெடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள் ஒருநாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை நாலு மணிக்கு வருவது பாப்பா. ஐந்து வயது. பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. எந்நேரமும் இரண்டு கையையும் ஈரத்தை உதறுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருப்பாள். அவள் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். புதன்கிழமை மட்டும் மதியத்தோடு கடையை விட்டு, இரண்டு பேருந்து மாறி வருவாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமும் நின்றபடியே பார்ப்பாள். ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

மைதானத்தின் மூலையில் மஞ்சள் பீப்பாய் ஒன்று உண்டு. அதனருகே குதிரையை நிறுத்திவிடுவார்கள். குழந்தை தன் கையால் கழுத்தில் தட்ட வேண்டும்; தட்டினால் குதிரை நடக்கும். தட்டாவிட்டால் ஒரு நிமிடம் காத்திருந்து பிறகு இவர்களே நடத்துவார்கள். 'நான் ஒன்று கேட்டேன், அது நடந்தது' என்பதைக் குழந்தை கண்டுகொள்ள வேண்டும் என்பார் டாக்டரம்மா. அவர் டாக்டர் இல்லை, பயிற்சி கொடுக்கிறவர். எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரும் மறுப்பதை விட்டுவிட்டார். தட்டினால் நடக்க வேண்டும் என்று பெரியம்மாவைப் பழக்கியவர் வட்டம்தான்.

ஏழு மாதம் பாப்பா தட்டவில்லை. எட்டாவது மாதம் ஒரு புதன்கிழமை, ஆடிக்கொண்டிருந்த கை கழுத்தில் பட்டது, பெரியம்மா நடந்தது. அம்மாக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தே போனாள். அப்புறம் வாராவாரம் அதுவே நடந்தது. டாக்டரம்மா தாளில் சரி, சரி என்று குறி போட்டார். மருந்துக்கடை முழுவதும் செய்தி பரவியது. "எம் பொண்ணு குதிரை ஓட்டுறா" என்று முதலாளியிடமே சொல்லிவிட்டாளாம்.

மூன்று மாதம் இப்படிப் போனது. வருடக் கணக்கு முடிகிற சமயத்தில் எல்லாக் குழந்தைகளையும் வெளியிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் வந்து பார்ப்பார். முன்னேற்றம் தெரிகிற குழந்தைக்கு இடம் நீடிக்கும். தெரியாத குழந்தை அந்த நேரத்தைக் காத்திருக்கிற இன்னொரு குழந்தைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். மறுபடி பெயர் கொடுத்தால் இரண்டு வருடம் ஆகும். பாப்பாவுக்கு இரண்டு வருடம் கழிந்தால் வயது ஏழு. ஏழு வயது ஆகிவிட்டால் அங்கே எடுப்பதில்லை.

அந்தப் பரிசோதனைக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது லாயத்தில் ரேடியோ வாயைத் திறந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"நீ இப்படி ஆரம்பிச்சாலே கோவம் வருது. சொல்லித் தொலை."

"பாப்பா கை கழுத்துக்கிட்ட வரும்போது நீங்க வலது தோள லேசா முன்னாடி சாய்க்கிறீங்க. பெரியம்மா கிளம்புறது அதப் பாத்துத்தான்."

"உனக்கு அடுத்தவன் தோள நோட்டம் விடுறதுதான் வேலையா? உம் புருஷன்கிட்ட சொல்றேன் இரு."

"சொல்லுங்க, அப்பவாவது அந்த மனுஷன் என்னைத் திரும்பிப் பாக்கட்டும். நான் வெளையாட்டுக்குச் சொல்லலண்ணே."

சிரித்துவிட்டுப் போனாள். வட்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் பெரியம்மாவைப் பீப்பாயருகே நிறுத்தினார். மரம் மாதிரி நின்றுகொண்டு அதன் கழுத்தில் தட்டினார். நகரவில்லை. பலமாகத் தட்டினார். காதை மட்டும் ஆட்டியது. கையை எடுத்துவிட்டுத் தோளை ஒரு விரல் அளவு சாய்த்தார். பெரியம்மா நடந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பழக்கின காலத்தில் ஒவ்வொரு முறை தட்டும்போதும் இவர் தோளும் கூடவே சாய்ந்திருக்கிறது. குதிரை கையைக் கவனிக்கவில்லை, தோளைப் படித்துக்கொண்டது. பாப்பாவின் கை வரும்போதெல்லாம், 'தட்டிடு தாயி' என்று இவர் உள்ளுக்குள் நினைக்க, தோள் தானாக முந்திக்கொண்டது. அவர் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால்கூட எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்கும்.

டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து காலைப்பொழுது கையில் இருக்கிறதே, பரிசோதனை வரை மற்றக் குழந்தைகளுக்கும் விடுமுறைதான், அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். தினமும் விடியலில் வந்து, தட்டி நடக்கச் சொன்னார். தோளைப் பார்த்து நடந்தால் கயிற்றைப் பிடித்து நிறுத்தி அதட்டினார். வயசான குதிரைக்கு ஐந்து நாளில் புதுப்பாடம் ஏறுமா? பழையது மறந்தது, புதியது வரவில்லை. ஐந்தாம் நாள் தட்டினாலும் நின்றது, தோளைச் சாய்த்தாலும் நின்றது. அதட்டுவாரோ என்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயால் அதட்டிக் கயிற்றை இழுத்தால் மட்டும் நடந்தது.

புதன்கிழமை வந்தது. பரிசோதனைக்கு முதல் குழந்தை பாப்பாதான், புதுச் சட்டை போட்டிருந்தாள். "வட்டம்ணே, இன்னைக்கி நம்ம ஓட்டுநருக்கு லைசென்ஸ் குடுக்கப் போறாங்க" என்றாள் அம்மாக்காரி. அவள் அதுவரை கேலி பேசி இவர் கேட்டதே இல்லை. குனிந்து சேணத்தின் வாரை இன்னொரு முறை சரிபார்த்தார்.

பெரிய டாக்டர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டாக்டரம்மா தாளோடு நின்றார். மூன்று தடவை நிறுத்த வேண்டும். இரண்டு தடவையாவது குழந்தை தானாகக் கேட்க வேண்டும்.

முதல் தடவை பாப்பாவின் கை காற்றிலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஓடியது. டாக்டரம்மா தாளில் இல்லை என்று எழுதினார்.

இரண்டாம் தடவை கை ஆடி ஆடிக் கழுத்தை உரசியது. இன்று ஒரு நாளைக்கு மட்டும் என்று வட்டம் தெரிந்தே தோளைச் சாய்த்தார். பெரியம்மா நகரவில்லை. இன்னும் சாய்த்தார். அது முகத்தைத் தூக்கி, நீதானே வேண்டாம் என்றாய் என்பதுபோல அவரைப் பார்த்தது. "கயிறு பிடிக்கிறவர் அசையாம நிக்கணும்" என்றார் பெரிய டாக்டர்.

மூன்றாம் தடவை. பாப்பாவின் ஆட்டம் நின்றது. வலது கை மட்டும் இறங்கி, உள்ளங்கை விரிந்து, பிடரிக்குக் கீழே இரண்டு முறை பட்டது. மெதுவாக, இடைவெளி விட்டு. அந்த அதிர்வு கயிறு வழியாக வட்டத்தின் கைக்கு வந்தது. பெரியம்மா நின்றது. பாப்பாவின் கை கொஞ்ச நேரம் கழுத்திலேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள். மறுபடி உதற ஆரம்பித்தாள்.

"தட்டுனா டாக்டரம்மா" என்றார் வட்டம். குரல் தேவைக்கு மேல் ஓங்கிவிட்டது. "ரெண்டு தட்டு. சுத்தமாத் தட்டுனா."

"கை பட்டது. எப்பவும் ஆட்டுறதுதானே. தட்டியிருந்தா குதிரை போயிருக்கும்லண்ணே? நீங்க பழக்குன குதிரைதானே?" என்றார் டாக்டரம்மா.

ரேடியோ மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்குத் தட்டுறது தெரியாதும்மா. அது என் தோளப் பாத்துப் போறது. இந்த அஞ்சு நாளா அதுவும் இல்ல" என்றார் வட்டம்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "எவ்வளவு நாளாத் தோளப் பாத்துப் போகுது?"

"மொதல்லேர்ந்து."

"அப்ப நான் மூணு மாசமா சரி போட்டதெல்லாம்?"

பெரிய டாக்டர் தாளை வாங்கி, பழைய பக்கங்களைப் புரட்டி, சரி போட்ட எல்லாவற்றுக்கும் குறுக்கே பக்கத்துக்கு ஒரு கோடு போட்டார். கோபமாகக்கூடப் போடவில்லை. இன்றைய இரண்டு தட்டைப் பற்றிச் சொல்ல இனி இவர் வாய்க்கு மதிப்பில்லை. அதைச் சொல்லப்போய்த்தான் மற்றதும் போனது.

அம்மாக்காரிக்கு விஷயத்தை டாக்டரம்மாவே போய்ச் சொன்னார். அவள் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். இரண்டு வருடம் என்றபோது, "அப்ப ஏழாயிரும்ல" என்று மட்டும் கேட்டாள். டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார். அவள் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு லாயத்துக்கு வந்தாள்.

வட்டம் சேணத்தின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் தூரத்துல நின்னேன். நீங்க பக்கத்துல இருந்தீங்க. கடைசியா அவ தட்டுனாளா, இல்லையா?"

தட்டினாள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மூன்று மாதமும் அதே நிச்சயத்தோடுதானே நின்றோம் என்று தோன்றியது. கயிற்றில் வந்த அதிர்வு நிஜமா, வேண்டும் வேண்டும் என்று நினைத்ததில் வந்ததா? இப்போது அவருக்குப் பிடிபடவில்லை.

"தெரியலம்மா."

"அங்க தட்டுனான்னு கத்துனீங்களே?"

"கத்துனேன்."

"மொதல்ல தட்டுறான்னீங்க. அப்புறம் அதெல்லாம் இல்லன்னீங்க. இப்ப தெரியலன்னா நான் எதண்ணே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது?" அவள் குரல் உயரவில்லை. கடையில் மருந்து இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற குரல் அது. "நீங்க சும்மா இருந்திருந்தா, இல்லன்னு ஒரு வார்த்தையோட போயிருக்கும். அந்த மூணு மாசமாவது எனக்கு மிஞ்சியிருக்கும்."

போய்விட்டாள். ஐந்தரைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் அவளுக்கு. பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எப்போதும் பார்த்ததில்லை.

ரேடியோ வந்து வாசலில் நின்றாள். "நான் வாய மூடிட்டு இருந்திருக்கணும்ணே."

"நீ என்னிக்கு மூடியிருக்க" என்றார். வழக்கமான கேலிதான். இருவரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அலுவலக ஜன்னல் வழியே டாக்டரம்மா தெரிந்தார். பெரியம்மாவில் ஏறுகிற மற்றக் குழந்தைகளின் தாள்களையும் அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

ஐந்து மணிப் பையனை அவன் அப்பா தோளில் சுமந்துகொண்டு வேலியருகே வந்துவிட்டார். தூரத்திலிருந்தே கை காட்டினார்.

"என்ன வட்டம்ணே, தொப்பைய இறுக்கிக் கட்டிக்கோங்க. நம்மாளு போன வாரம் மூணுக்கு மூணும் தட்டிட்டான்ல? இன்னைக்கி உங்கள ஓட வைக்கப் போறான்!"

வட்டம் அவிழ்த்த வாரை மறுபடி இறுக்கினார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, பெரியம்மாவை அதட்டி இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார்.