அடுப்பு எரியாத மாதத்துக் கொள்வனவு

பதுளையில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அரைகுறைப் பதிவுகளிலிருந்து கொள்வனவை, அதாவது வாங்கிய சரக்கின் தொகையை, பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் கணக்கை இன்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, கீழே உள்ள கடையிலிருந்து கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை ஏறிவந்தது. சின்ன வயதில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கடையிலும் இதே வாடைதான். ஈரச் சாக்கு, தகரக் கூரையில் விடாத மழைச் சத்தம், சம்பள நாளில் கொழுந்துக் கறை போகாத விரல்களோடு வரிசையில் நிற்கும் பெண்கள், தராசுக்குப் பின்னால் கடைக்காரர் மட்டுமே பார்க்கும், கடன் கணக்கெழுதும் கொப்பி.

அப்பாவுக்குச் சம்பளம் கூடிய மாதம் எங்கள் கடனும் கூடும், குறைந்த மாதம் அதுவும் குறையும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க நாங்கள் மாமா வீட்டில்தான் சாப்பிட்டோம். அந்த மாதத்துக்கும் அரிசி, மாவு, பருப்பு என்று கொப்பியிலிருந்து வாசித்தார் கடைக்காரர்.

"வீட்டுல அடுப்பே பத்த வைக்கலீங்களே" என்றாள் அம்மா.

"கொப்பியில இருக்கே" என்றார் கடைக்காரர், தலையைத் தூக்காமல்.

சம்பளத்தை முதலில் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எங்கள் பசியைக் கணக்குப் போட்டிருக்கிறான் அந்த ஆள். அது எனக்கு விளங்க ஒரு கணக்கீட்டுப் புத்தகம் தேவைப்பட்டது.

கடையை இடித்துத் தேயிலை நட்டுவிட்டார்கள். கொப்பி எங்கே போனதோ, எனக்கு அது வேண்டாம். அடுப்பு எரியாத அந்த மாதம் நாங்கள் வாங்கியது எவ்வளவு என்று கொப்பி இல்லாமலே சொல்வேன். அப்பாவின் சம்பளம் எவ்வளவோ, அவ்வளவு.