எனக்கு வந்த டீ

தாம்பரத்து வங்கியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கோபம் வரும்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறப்பார்; குடிக்காமலே மூடுவார். எம்.எஸ்சி. சீட் கிடைத்து, கல்விக் கடன் கேட்டு வந்திருந்தார். நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும்.

“சொந்த வீட்டுப் பத்திரம் இருக்காம்மா?” என்று அதிகாரி மறுபடியும் கேட்டார்.

“பம்மல்ல வாடகை வூடு சார். போன மாசமே சொன்னேனே. படிச்சி முடிச்சி நான்தானே கட்டப்போறேன்?”

“வேலை கிடைக்கலைன்னா?”

மூடி திறந்தது, மூடியது.

அதற்குள் அதிகாரி என்னைப் பார்த்துவிட்டார். “கார் லோன் சார்தானே? ரெடி சார், ஒரு கையெழுத்துதான். யாருப்பா அங்க, சாருக்கு ஒரு டீ!”

என் கம்பெனியில் வாரத்துக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எனக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை.

அந்தப் பெண் டீயைப் பார்த்தார், அதைத் தாங்கியிருந்த என் தொப்பையையும் பார்த்தார். “சார் எந்த காலேஜ்ல சேர்றீங்க?”

எதற்கும் ஜோக்கடிக்கும் நான் டீயை ஒரு வாய் உறிஞ்சினேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

அந்த சீட் என்ன ஆயிற்றோ. கார் மட்டும் மேடவாக்கத்தில் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது. எனக்கு இன்னும் ஓட்டத் தெரியாது. அதையும் அந்த வங்கியில் யாரும் கேட்கவில்லை.