அண்ணையோடு ஒரு மாதம் போக்கர்

கட்டடப் படவரைஞர் பயிற்சி முடித்த எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. அப்பாவிடம் சொல்லப் பயந்தேன். வல்வெட்டித்துறை வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்த, கப்பலில் வேலை செய்யும் அண்ணை, “நான் போறதுக்கிடையிலை போக்கரிலை ஒருக்கா என்னை வெண்டு காட்டு, அப்பாவோடை நான் கதைக்கிறன்” என்றார்.

அந்தச் சீட்டுக் கடதாசி விளையாட்டை ஒரு மாதம் தினமும் பின்னேரம் அண்ணை, அண்ணி, நான் மூவரும் காசுக்குப் பதில் புளியங்கொட்டையைப் பந்தயம் வைத்து விளையாடினோம். முடிவில் யாரிடம் கூடக் கொட்டை இருக்கிறதோ அவரே வென்றவர். அவர்கள் எப்போது சிரிக்கிறார்கள், எப்போது மூக்கைச் சொறிகிறார்கள் என்று கொப்பியில் இலக்கமிட்டு எழுதினேன். நல்ல கடதாசி இல்லாமலே அண்ணை பந்தயத்தைக் கூட்டி மிரட்டுவதை மூன்றாம் வாரத்தில் கண்டுபிடித்தேன். ஆனால் எனக்கு நல்ல கடதாசி வந்தால் இருவரும் பந்தயம் கட்டாமல் உடனே ஆட்டத்திலிருந்து விலகினார்கள்.

கடைசி நாள் எனக்கு மூன்று ராஜாக்கள் வந்தன. அன்றும் விலகினார்கள். எனக்கு நாலைந்து கொட்டைதான் மிஞ்சியது; எண்ணிப் பார்த்தபோது அண்ணையிடமே கூட இருந்தது, நான் தோற்றேன்.

“எப்பிடித் தெரியுது, அண்ணி?”

“நல்லது வந்தால் எழுதாமல் பேனையை மூடுறாய், பிள்ளை. எங்கடை குறையெல்லாம் எழுதினனி, உன்ரை எங்கை?”

வேறு வழியின்றி நானே அப்பாவிடம் போனேன்.

“வேலைக் கடிதம் வந்த நாள் தொடக்கம் என்னைக் கண்டால் ஒளிக்கிறாய். எப்ப கேப்பாய் எண்டுதான் இருந்தனான். போ, பிள்ளை.”

இப்போது கொழும்பு விடுதியில் சனிக்கிழமைதோறும் தோழிகளோடு விளையாடுகிறேன். ஆட்டம் முடிந்த பிறகே எழுதுகிறேன், என் பிழைகளை முதலில். கேட்க வேண்டியதை நேரே கேட்டுவிடுகிறேன்.