பஷீர் பாய் போட்ட நாற்பது நொடி

பஷீர் பாய் போய்விட்டார். பென்னாகரம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஜெராக்ஸ் கடை... தினமும் காலையில் அரசியல் செய்தி பாட்காஸ்ட் போடுவாரே, அவர்தான்.

நேற்று மதியம் கடையிலேயே நெஞ்சுவலி. இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது.

எல்லோரும் ஃபேஸ்புக்கில் அவர் படத்தைப் போட்டு எழுதுகிறீர்கள். நானும் உட்கார்ந்தேன். நல்லதை மட்டும் எழுத வரவில்லை.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேப்பர் பண்டல்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனில் பதிவு செய்வார். தமிழில் நாலைந்து பேப்பர், அதோடு பெங்களூர்ப் பேப்பர் ஒன்று... கன்னடமும் நன்றாகப் படிப்பார். மொத்தம் பதினைந்து நிமிடம்.

டெல்லியில் எந்தச் சட்டம் வந்தாலும், "இதனால நம்ம பென்னாகரத்துக்காரனுக்கு என்னாங்க ஆவப்போவுது?" என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கவே ஆரம்பிப்பார். கடைசியில் ஒகேனக்கல்லில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் வரத்து என்று சொல்லி முடிப்பார்.

டிவி விவாதங்களின் கத்தலில் எனக்கு எதுவும் புரிந்ததில்லை. ஓட்டுப் போடுவதோடு என் அரசியல் முடிந்திருந்தது. நாற்பது வயதுக்கு மேல் என்னைச் செய்தி கேட்க வைத்தவர் பாய்தான். ஆபீஸ் போகும் பஸ்ஸில், ஜன்னல் ஓரம், காதில் இயர்போன்...

கேட்டு முடித்ததும் அவருக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புவேன். "பாய், அந்த அமைச்சர் பேரைத் தப்பா சொல்லிட்டீங்க." மறுநாள் முதல் வேலையாகத் திருத்தம் சொல்வார். கடைக்குப் போனால் ஒரே கிண்டல். "வாங்க எடிட்டர் மேடம்... இன்னிக்கி எத்தினி தப்புங்க?"

அந்த 'எடிட்டர் மேடம்' எனக்குப் பிடித்திருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆபீஸில் எல்லோரையும் கேட்க வைத்ததும் நான்தான். காலையில் லிங்க் வந்ததும் முதலில் ஆபீஸ் குரூப்பில் போட்டுவிடுவேன். அப்புறம்தான் நானே கேட்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், பாய் ஒரு மலைக் கிராமத்தின் சாலையைப் பற்றிப் பேசியிருந்தார். சாலை போட்டு முடித்ததாகச் சொல்லும் ஃபைல் என் டேபிளைத் தாண்டித்தான் போயிருந்தது. ஆனால் அங்கே ஜல்லிகூடக் கொட்டவில்லை.

மனசு கேட்கவில்லை. அதைச் சொல்லி நாற்பது நொடி வாய்ஸ் நோட் ஒன்று அனுப்பினேன். கோபத்தில் குரல் நடுங்கியது. "இது உங்களுக்கு மட்டும் பாய்" என்று கீழே டைப்பும் செய்தேன்.

மறுநாள் காலை லிங்க் வந்தது. வழக்கம்போல் குரூப்பில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

"பெயர் சொல்ல விரும்பாத ஒரு அரசு ஊழியர் நம்மிடம் பேசியது" என்றார் பாய். அடுத்து வந்தது என் குரல். முழுசாக... நடுக்கத்தோடு.

ஆபீஸில் கால் வைக்கும்போதே ஒருவர் சிரித்தார். "மேடம், இன்னிக்கி பாட்காஸ்ட்ல பேசுறவங்க அச்சு அசலா உங்களாட்டமே பேசுறாங்களே! நீங்களே லிங்க் போட்டிருக்கீங்க... செம தெகிரியங்க உங்களுக்கு!"

மதியம் அதிகாரி கூப்பிட்டார். டேபிள் மேல் போனை வைத்து அந்த நாற்பது நொடியை ஓடவிட்டார். "யாருங்க இது?"

"தெரியலைங்க சார்" என்றேன். என் குரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அதே குரலில்.

சாயந்திரம் நேராகக் கடைக்குப் போனேன்.

"நான் பேரையே சொல்லலீங்களே மேடம்" என்றார் பாய். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"குரல் யாருதுங்க பாய்?"

கையிலிருந்த பேப்பர் கட்டைக் கீழே வைத்தார். "நான் படிச்சா அந்தக் கோவம் வராதுங்க. அதுக்குத்தான் அப்டியே போட்டேன்."

அப்படியென்றால் தெரிந்துதான் செய்திருக்கிறார்.

"உங்களுக்கு மட்டும்னு எழுதியிருந்தேனே?"

அவர் ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து உள்ளே எதையோ பார்க்க ஆரம்பித்தார். எபிசோடை அன்றைக்கே நீக்கிவிட்டார். அதற்குள் எத்தனை போன்களில் இறங்கியிருந்தது என்று யாருக்குத் தெரியும்.

அந்த மாதமே எனக்கு டிரான்ஸ்ஃபர். இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர். மகள் ப்ளஸ் டூ படித்த வருடம். அவள் ஸ்கூல் கிளம்பும்போது ஒரு நாள்கூட நான் வீட்டில் இல்லை.

சில மாதம் கழித்து அந்தச் சாலை வேலை தொடங்கியது. "இது நம்ம நிகழ்ச்சிக்குக் கெடைச்ச வெற்றிங்க" என்று பாய் பேசினாராம். பழைய ஆபீஸ் தோழி சொன்னாள்.

சாலை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 'நம்ம' என்றாரே... அதில் நான் இருந்தேனா பாய்?

அதன் பிறகு அவர் கடைப் பக்கம் போகவில்லை. லிங்க் மட்டும் தினமும் வரும். திறக்கவும் இல்லை, பிளாக் செய்யவும் இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், லிங்க்குக்குக் கீழே 'மன்னிச்சிடுங்க மேடம்' என்று வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் கொஞ்ச நேரம் இருந்தேன். அவர் மகள் ஷமீம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தாவுக்கு நாளைக்குக் கடைசியா ஒரு எபிசோட் போடறோம் ஆன்ட்டி. கேக்கறவங்க எல்லாரும் பேசி அனுப்பறாங்க. நீங்களும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எடிட்டர் மேடம், எடிட்டர் மேடம்னு அத்தா வூட்டுல உங்களப் பத்தியே பேசுவாருங்க."

அவளுக்கு எதுவும் தெரியாது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாலையிலிருந்து மூன்று தடவை மைக் பட்டனை அழுத்திவிட்டேன். மூன்று தடவையும் பேச்சு வரவில்லை.

ஷமீம், இதுதான்மா என்னால் முடிந்தது. எழுத்தில் தருகிறேன். எபிசோடில் வேண்டாம். வேறு யார் குரலிலும் இதைப் படிக்கவும் வேண்டாம்.

நிம்மதியாகத் தூங்குங்க பாய். என் கோபம் என்னிடமே இருக்கட்டும்.